எங்கள் வாய்க்காலில் காவிரித் தண்ணீர் வரச் செய்தவர்களுக்கு

கும்பகோணத்து மக்களுக்கும், இப்பணியில் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

வடக்கே காவிரியும் தெற்கே அரசலாறும் ஓடும் நம் ஊரில், குளங்களுக்குத் தண்ணீர் கொண்டு சேர்ப்பதற்காக முன்னோர் வெட்டிய வாய்க்கால்களில் ஒன்று எங்கள் தெருவின் கொல்லைப்புறமாகப் போகிறது. எங்கள் பிள்ளைகள் அதைச் சாக்கடை என்றுதான் அறிந்திருந்தார்கள். இந்த ஆடியில் அதன் வழியே காவிரித் தண்ணீர் வந்து, தெருக் குளத்தில் மேலிருந்து நான்காம் படி வரை நிற்கிறது. அதற்குக் காரணமானவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றியை, வாய்க்காலில் விட்டிருந்த தங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாயைத் தாங்களே அடைத்த குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும். இதற்கு முன் இரண்டு முறை ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் குவித்தோம். இரண்டு முறையும் சில வாரங்களில் அது பழையபடி மூடிக்கொண்டது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி, கழிவுநீரின் சத்து கிடைக்கும் இடத்தில் இரண்டு வாரங்களிலேயே இரட்டிப்பாகக் கூடியது என்பதையும், அதற்கு நாள்தோறும் தீனி போட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்களே என்பதையும் தாமதமாகத்தான் உணர்ந்தோம். பாதாளச் சாக்கடை இணைப்புக்குப் பணம் கட்டுவது எல்லோருக்கும் எளிதாக இருக்கவில்லை. ஓர் அம்மாவின் வீடு தெருமட்டத்துக்குக் கீழே இருந்ததால், குளியலறைத் தரையை ஒன்றரை அடி உயர்த்தினால்தான் கழிவுநீர் அந்த இணைப்புக்குப் போகும் என்றாயிற்று. தீபாவளிச் சீட்டுக்காகச் சேர்த்திருந்த பணத்தை எடுத்து அவர் அந்த வேலையை முடித்தார். அவருக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, எங்களைப் பெரும் பிழையிலிருந்து காப்பாற்றிய இருவர். ஜனவரி 28-இல் பாசனம் நின்று, ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்குள் உள்ள வறண்ட மாதங்கள்தான் தூர்வாரும் காலம். பொக்லைன் வந்து நின்றதும், எவ்வளவு ஆழமாகத் தோண்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று எண்ணியிருந்தோம். பக்கத்துக் கிராமத்து முதிய விவசாயி ஒருவர் வேலையை நிறுத்தச் சொல்லி, மண்ணுக்குள் புதைந்துகிடந்த மதகின் வாசற்கல்லைக் கடப்பாரையால் தட்டிக் காட்டினார். அந்தக் கல்லுக்குக் கீழே தோண்டினால் தண்ணீர் குளத்துக்கு ஏறாது, அங்கேயே தேங்கிக் கொசுதான் பெருகும் என்றார். உடனே எங்கள் தெருக் கொத்தனார் ஒருவர் தண்ணீர் டியூபைப் பிடித்து, வாய்க்கால் தொடங்கும் தலைப்பிலிருந்து குளம் வரை மட்டம் பார்த்து, பத்தடிக்கு ஒரு முளை அடித்துக் கொடுத்தார். இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு அவர் செய்த வேலை அது. அந்த முளைகளைப் பார்த்துத்தான் மண் எடுத்தோம்.

இந்த இடத்தில் என் மனத்தில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். வயல் வாய்க்காலுக்கு ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அதில் பாசனம் பெறும் நிலக்காரர்கள், இருக்கிறார்கள். தண்ணீர் வராவிட்டால் கேட்க ஆள் உண்டு. நீர்நிலைகளை ஊர்மக்களே கூடிச் சீர்செய்யும் குடிமராமத்தை 1858-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. அதுவும், 2017-இல் அரசு அதே பெயரில் தொடங்கிய பணியும் பாசனத்தை மனத்தில் வைத்தவையே. ஊருக்குள் போகும் வாய்க்காலுக்கோ பாய்வதற்கு வயல் இல்லை. அதனால் உரிமை கொண்டாடவும் ஆள் இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மகாமகத்தின்போது ஊரே பெரிய குளத்தைப் பார்க்கிறது. சிறு குளங்களையும் அவற்றுக்கு நீர் தரும் வாய்க்கால்களையும் யார் பார்ப்பது? கொல்லைக் கதவைத் திறந்தால் அதைப் பார்க்கிறவர்கள்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

குப்பையை வண்டி வண்டியாக ஏற்றிச்சென்ற மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள், கையுறை கிழிந்த பிறகும் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கியவர்கள். அவர்களுக்குக் கைகூப்பி நன்றி. கரையில் வேரோடியிருந்த நெய்வேலிக் காட்டாமணக்கைப் பிடுங்கிய நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனை பேருக்கும் சோறு வடித்த மகளிர் குழுச் சகோதரிகளுக்கும், அனுமதியைத் தாமதமின்றி வழங்கிய அலுவலர்களுக்கும் நன்றி.

நிறைவாக, மதகுகளைத் திறந்து மூடும் பணியாளரான நீர்வளத்துறை லஸ்கர் அண்ணன். துருவேறிச் சுற்றாமல் நின்ற ஷட்டரின் திருகுக்கு நான்கு நாள் கிரீஸ் ஊற்றி ஊற்றி அசைத்துக் கொடுத்தவர் அவர். தண்ணீர் திறந்த இரவில், நுரையும் சருகுமாக ஊர்ந்து வந்த முதல் தண்ணீருக்கு முன்னால் டார்ச் விளக்கோடு நடந்தபடியே, அடைத்த இடங்களைக் காலால் தள்ளிவிட்டு, குளத்தின் மடைவாய் வரை அதைக் கூட்டிவந்தார். படித்துறையில் காத்திருந்த நாங்கள் முதலில் பார்த்தது அந்த வெளிச்சத்தைத்தான்.

மதகின் கம்பி வலையில் சேரும் குப்பையை ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு எடுத்துவருகிறோம்.

நன்றியுடன்,
வாய்க்கால் பணியில் ஈடுபட்ட தெருவாசிகள் சார்பில்,
கும்பகோணம்.