அப்பாவின் மாணவர்களுக்கும் பூக்கார அக்காவுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் பெயரையெல்லாம் தம்பி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நன்றி சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். ஏழாவது பெயரிலேயே குரல் கம்மிவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

அப்பா மதுரையில் 31 வருடம் தாவரவியல் நடத்தியவர். சின்ன வயதில் அவருடைய மாணவர்கள் மேல் எனக்குப் பொறாமை உண்டு, இப்போது ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை ஆனால் அழகர்மலை, லீவு விட்டால் சிறுமலை. திரும்பும்போது பை நிறையச் செடி. எங்கள் வீட்டில் பழைய பேப்பரை எடைக்குப் போட்டதே கிடையாது. எல்லாம் செடிகளை அழுத்தி உலர்த்தப் போய்விடும். ஈரம் இழுத்த பேப்பரைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அந்த வேலை எனக்கும் தம்பிக்கும். காய்ந்த செடியை அட்டையில் தைத்து, கேம்பிள் புத்தகத்தைப் புரட்டிப் பெயர் கண்டுபிடித்து லேபிள் ஒட்டும்வரை அவர் சாப்பிட வரமாட்டார். ஒருநாள் அம்மா அவருடைய சோற்றுத் தட்டிலேயே ஒரு லேபிளை ஒட்டி வைத்தார்: ‘சேகரித்த இடம்: அடுப்படி. நிலை: உலர்ந்தது.’ அந்த லேபிளையும் அப்பா பத்திரப்படுத்தி வைத்திருந்தார். போன வாரம்தான் கண்ணில் பட்டது.

2006இல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தபோது வகுப்பையே பஸ்ஸில் கூட்டிப் போனார். நானும் வருகிறேன் என்றதற்கு, ‘சீட்டுக் கணக்கு முடிஞ்சுபோச்சும்மா’ என்றார். அந்தக் கோபம் 12 வருடம் இருந்தது. 2018இல் மறுபடி பூத்தபோது ஆறு வயது என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். ‘அடுத்தது 2030. அப்ப நீ காலேஜ் படிப்ப’ என்று அவளிடம் சொன்னார். சரி, அதோடு என் கோபமும் போய்விட்டது.

அந்த 2006 பேட்ச் மாணவர்களுக்குத்தான் முதல் நன்றி. கடைசி இரண்டு வருடம் அப்பாவுக்கு டயாலிசிஸ். வாரம் 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். நான் வெளியூரில், தம்பிக்கு ஷிப்ட் வேலை. யாரும் கேட்காமலே நீங்கள் முறை போட்டுக்கொண்டு காரில் அழைத்துப் போய் அழைத்து வந்தீர்கள். உங்களில் ஒருவர், ‘சார், இந்த மெஷின் நம்ம உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப் மாதிரிதானே?’ என்று கேட்டாராம். ‘அது ஆஸ்மாசிஸ், அதுல தண்ணிதான் சவ்வைத் தாண்டிப் போகும். இங்க யூரியா சவ்வைத் தாண்டிப் போகுது, அது டிஃப்யூஷன். பத்துக்கு நாலு’ என்றாராம் அப்பா. அடுத்த தடவை அந்த மாணவர் டிபன் பாக்ஸில் தோல் சீவிக் குடைந்த உருளைக்கிழங்கோடு வந்து நின்றார். சிறுநீரக நோயாளிகளுக்கு உருளைக்கிழங்கு ஆகாதே என்று நர்ஸம்மா பதறியது தனிக்கதை. குழிக்குள் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, மட்டத்துக்குக் குண்டூசி குத்தி, கிண்ணத்துத் தண்ணீரில் வைத்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லோரும் டிவியை விட்டுவிட்டு அந்தக் குண்டூசியையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மட்டம் ஏறியதும் கைதட்டல்.

அப்பா போன அதிகாலையில் என் மூளை வேலை செய்யவில்லை. கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்ததை நினைவுபடுத்தியது எதிர்வீட்டு மாமிதான். மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி, மூடிய இமைகள் மேல் ஈரப் பஞ்சு வைத்ததும் அவர்தான். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டுமே என்று தவித்தோம். ஒரு மணி நேரத்தில் வந்து, அரை மணியில் முடித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் இட்லியும் ரசமுமாய் எங்கள் தெருவே சமைத்துக் கொடுத்தது. யார் வீட்டுத் தூக்கு எது என்று இன்னும் பிரித்து முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் செடி அட்டைகள் ஒன்றுகூட மடங்காமல் தாவரவியல் துறைக்கு எடுத்துப்போன இளம் ஆசிரியர்களுக்கும் நன்றி.

அப்புறம், பூக்கார அக்கா. அப்பா தினமும் அம்மாவுக்கு ஒரு முழம் மல்லி வாங்குவார். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது வகுப்புக்கே லட்டு கொடுத்தவர் அவர். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதியே பூக்காசு கட்டிவிடுவார். காரியம் முடிந்த மறுநாள் சாயங்காலம் அக்கா வாசலில் வந்து நின்றார், கையில் வாழை இலைப் பொட்டலம். தயங்கித் தயங்கி, ‘சார் மாசக் கடைசி வரைக்கும் குடுத்திருக்காரும்மா’ என்றார். உள்ளே இருந்த உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா எழுந்து போய் வாங்கினார். பாதியைக் கிள்ளி அப்பா படத்துக்குப் போட்டார், மீதியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

நேற்று ஒன்றாம் தேதி. அம்மாவே கடைக்கு நடந்து போய் இந்த மாதப் பூக்காசைக் கட்டிவிட்டு வந்தார்.

அன்புடன்,
உங்கள் சாரின் மகள்
மதுரை