உச்சவரம்பு யாருக்கு? ஆஸ்திரேலிய வர்த்தக வானொலிகளுக்கு ஒரு திறந்த மடல்

கமர்ஷியல் ரேடியோ அண்ட் ஆடியோ கூட்டமைப்பின் பொறுப்பாளர்களுக்கும் அதன் உறுப்பு நிலையங்களின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் ஒலிபரப்புகிற இசைத்தட்டில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கொடுக்கிற பணத்துக்கு இருக்கும் உச்சவரம்பைப் பற்றித்தான் இந்த மடல். விளம்பர வானொலி என்றாலே முகம் சுளிக்கிற ஆள் எழுதுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்காரன். எங்கள் வீட்டில் கடிகாரத்தைச் சரிசெய்வதற்கே இலங்கை வானொலியைத்தான் வைப்போம். சோப்பு விளம்பரத்துக்கும் பாட்டுக்கும் நடுவில்தான் நான் வளர்ந்தேன். அந்த வர்த்தக சேவையை 1950களில் இயக்குநராக இருந்து வளர்த்தவர் கிளிஃபர்ட் டாட். அவர் கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் வந்த ஆஸ்திரேலியர் என்பது சிட்னிக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆக, உங்கள் தொழிலுக்கு நான் கடன்பட்டவன்.

இப்போது விடிகாலை மூன்றரைக்கு சிட்னியின் டூங்காபியிலிருந்து பிளெமிங்டன் காய்கறிச் சந்தைக்கு வேன் ஓட்டுகிறேன். போக வர உங்கள் நிலையங்கள்தான் துணை. பழைய பாட்டு, டயர் கடை விளம்பரம், திரும்பப் பழைய பாட்டு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். 1970 வாக்கில் ஓர் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். போன மாதம் வேன் பிரேக்கைப் பார்க்க மெக்கானிக் ஷெட்டுக்குப் போயிருந்தேன், அவரும் கூட வந்திருந்தார். சுவரில் தொங்கிய ரேடியோவில் அவர்கள் குழுவின் பாட்டு வந்தது. மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. வலது கை மட்டும் பெஞ்சில் தாளம் போட்டது. பாட்டு முடிந்து விளம்பரம் வந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இதற்கு உங்களுக்கு என்ன வரும்?" என்று கேட்டேன். "வருஷக் கணக்கைச் சேர்த்தால் ஒரு காப்பி குடிக்கலாம்" என்றார்.

ஏன் இப்படி என்று தேடிப் படித்த பிறகுதான் இந்த மடல்.

1968ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 152ஆம் பிரிவு இருக்கிறது. இசைத்தட்டை ஒலிபரப்புவதற்காக ஒரு வர்த்தக வானொலி, பாடியவர், வாசித்தவர், தட்டு வெளியிட்ட நிறுவனம் ஆகியோருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று பதிப்புரிமைத் தீர்ப்பாயம் முடிவு செய்யலாம். ஆனால் அந்தத் தொகை நிலையத்தின் மொத்த வருமானத்தில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தனி ஏற்பாடு உண்டு, அதற்கு இந்த வரம்பு இல்லை. வரம்பு, தட்டில் ஒலிக்கிற குரலுக்கும் கைக்கும்தான். தொலைக்காட்சிக்கு இப்படி ஒரு சலுகை கிடையாது. அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் வானொலிக்குக் கணக்கு வேறு: மக்கள்தொகையில் தலைக்கு அரை சென்ட், அதுவும் 1968இல் வைத்த அரை சென்ட்.

எங்கள் ஊரில் உச்சவரம்பு என்றால் நிலக்கிழாருக்கு வைப்பது. நீங்கள் அதைக் கூலிக்காரனுக்கு வைத்துக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள்.

உங்கள் தொடக்கம் இப்படி இல்லை. 1923இல் இங்கே வானொலி வந்தபோது, பெட்டியை ஒரே நிலையத்துக்கு மட்டும் வேலை செய்யும்படி முத்திரை வைத்து விற்றார்கள். கேட்கிறவர் அந்த நிலையத்துக்குச் சந்தா கட்ட வேண்டும். திட்டம் ஓடவில்லை. முத்திரையைக் கழற்றத் தெரிந்த பையன்கள் ஊரெல்லாம் இருந்தார்கள், பிறகு எப்படி ஓடும்? 1924இல் நிலையங்களை ஏ வகுப்பு, பி வகுப்பு என்று பிரித்தார்கள். கேட்போர் கட்டுகிற உரிமக் கட்டணம் ஏ வகுப்புக்குப் போயிற்று. பி வகுப்புக்கு ஒரு பென்னிகூட இல்லை, விளம்பரம் பிடித்துப் பிழைத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். அந்த பி வகுப்புதான் நீங்கள்.

1925 ஜனவரியில் 2யூஇ நிலையத்தைத் தொடங்கிய சிசில் ஸ்டீவன்சன் மின்சாதனக் கடைக்காரர். மரூப்ராவில் தன் வீட்டிலிருந்தே ஒலிபரப்பினார். அதே ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் தொழிற்சங்கங்கள் சேர்ந்து 2கேவை நிலையத்தைத் தொடங்கின. கூலிக்குப் போராடியவர்களே வானொலி உரிமம் வைத்திருந்த ஊர் இது. 1926இல் வந்த 2ஜிபி எங்கள் பக்கத்து உறவு: சென்னை அடையாறைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் சிட்னிக்காரர்கள் ஆரம்பித்தது. ஜி, பி இரண்டும் ஜியோர்டானோ புரூனோவின் முதலெழுத்துகள், ரோமில் உயிரோடு எரிக்கப்பட்ட அந்தத் தத்துவ ஞானிதான். அரசியல் பேச்சு நிலையமாகிவிட்ட இன்றைய 2ஜிபியின் காலை நிகழ்ச்சியைக் கேட்கிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

அரசுப் பணம் இல்லாமல் நின்று காட்டினீர்கள். சரி. ஆனால் உள்ளூர்க் கலைஞன் என்று வந்தபோதெல்லாம் யாராவது உங்கள் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. 1942 ஒலிபரப்புச் சட்டம், இசை நேரத்தில் குறைந்தது 2.5 சதவீதமாவது ஆஸ்திரேலிய இசையமைப்பாளர்களுக்குக் கொடு என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. நூற்றுக்கு இரண்டரையைக்கூடச் சட்டம் போட்டுத்தான் வாங்கினார்கள்.

அப்புறம் 1970. 1968இன் புதிய பதிப்புரிமைச் சட்டம் கொடுத்த உரிமையை வைத்துக்கொண்டு பெரிய தட்டு நிறுவனங்கள் பணம் கேட்டன. நீங்கள் முடியாது என்று சொல்லி, மே மாதம் முதல் அக்டோபர் வரை அந்த நிறுவனங்களின் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தட்டுகளை ஒலிபரப்பவே இல்லை. அமெரிக்கத் தட்டுகள் தடையில்லாமல் சுழன்றன. பிரிட்டனில் ஹிட்டான பாட்டுகளை உள்ளூர்க் குழுக்கள் சின்ன நிறுவனங்களுக்குப் பாடிக் கொடுத்தன, அவை இங்கே முதலிடம் பிடித்தன. 'இன் த சம்மர்டைம்' பாட்டை மிக்ஸ்சர்ஸ் குழு பாடி மேலே வந்தது அப்படித்தான். சிலருக்கு அது யோகம். எங்கள் தெருப் பெரியவரின் முதல் தட்டு, ஒரு பெரிய நிறுவனத்தில், அந்த ஜூன் மாதம் வெளிவந்தது. ஒரு தடவைகூட வானொலியில் வரவில்லையாம். நான் ஷெட்டில் கேட்டது அதற்குப் பிந்தைய பாட்டு.

"நாங்கள் போடுவதே அவர்களுக்கு விளம்பரம்தானே" என்பது உங்கள் பழைய வாதம். புதுப் பாட்டுக்கு அது பொருந்தலாம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய பாட்டை விடிகாலை நாலு மணிக்குப் போடுவது யாருக்கு விளம்பரம்? அந்தப் பாட்டுக்காக நான் உங்கள் அலைவரிசையில் இருக்கிறேன், நான் இருப்பதால் டயர் கடைக்காரர் உங்களுக்குப் பணம் தருகிறார்.

தாங்காது என்பது இரண்டாவது வாதம். 1968இல் அது உண்மையாகவே இருந்திருக்கலாம். 1980இல் உங்களுக்கு எஃப்எம் வந்தது. 2000இல் சிட்னியின் ஒரே ஒரு எஃப்எம் உரிமம் ஏலத்தில் 15 கோடியே 50 லட்சம் டாலருக்குப் போனது. அறிவுசார் சொத்துச் சட்டங்களை ஆராய அரசு அமைத்த எர்காஸ் குழு அதே ஆண்டு இந்த 1 சதவீத வரம்பை எடுத்துவிடச் சொன்னது. எடுக்கவில்லை. 2012இல் வழக்கு இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹைகோர்ட் வரை போய், வரம்பு செல்லும் என்று தீர்ப்பானது. 2023இல் செனட்டர் டேவிட் போகாக் இதை நீக்க மசோதா கொண்டுவந்தபோதும் நீங்கள் எதிர்த்தீர்கள்.

நாட்டுப்புறத்துச் சின்ன நிலையங்களுக்குக் கஷ்டம் என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றுக்கு வேண்டுமானால் வரம்பு இருக்கட்டும், சிட்னி, மெல்பர்ன் நிலையங்கள் அவற்றின் முதுகுக்குப் பின்னால் ஒளிய வேண்டாம். வரம்பை எடுத்தால் மறுநாளே பத்து மடங்கு கட்ட வேண்டும் என்றும் இல்லை. உட்கார்ந்து பேசலாம், ஒத்துவராவிட்டால் தீர்ப்பாயம் இரண்டு பக்கக் கணக்கையும் பார்த்து ஒரு தொகை சொல்லும். நான் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த முறை நாடாளுமன்றத்தில் இந்தப் பேச்சு எழும்போது, பெருநகர நிலையங்களுக்காக இந்த வரம்பைக் காப்பாற்ற மனுக் கொடுக்காதீர்கள்.

மடல் எழுதப் போகிறேன் என்றதும் பெரியவருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. "பார்த்து எழுதப்பா. என் பாட்டைப் போடுவதையே நிறுத்திவிடப் போகிறார்கள்" என்றார்.

இப்படிக்கு,
டூங்காபியிலிருந்து ஒரு நேயர்