வானொலி நேயர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவுக்குப் பிறகு 12 மாதக் கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். நடந்தவை 10. ஐப்பசியில் மழை கெடுத்தது. வைகாசியில் நாம் வழக்கமாகக் கூடும் மண்டபத்தைக் கல்யாணத்துக்கு விட்டுவிட்டார்கள். முதல் நாள் சாயங்காலம்தான் நமக்குச் சொன்னார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் கல்லூரி மாணவர்கள் என்பதை மட்டும் நான் சொல்லிக்கொள்கிறேன். நம் கூட்டத்தில் கறுப்பு முடியைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

இந்த ஆண்டு எனக்கு அதிகம் திட்டு வாங்கித் தந்தவை வால்டர் காஃப்மன் கூட்டங்கள். "பழைய பாட்டுப் போட்டியை நிறுத்திவிட்டு ஒரு வெள்ளைக்காரருக்கு மூன்று கூட்டமா?" என்று கேட்டவர்களுக்கு அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அகில இந்திய வானொலியின் சிக்னேச்சர் ட்யூன் நமக்கெல்லாம் தெரியும். தம்புரா ஓட, அதன் மேல் வயலின் ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதைக் கேட்டுத்தான் பல் விளக்கினோம், வாசல் தெளித்தோம், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினோம். 40 வருஷம் கேட்ட எனக்கு, யார் போட்ட மெட்டு என்று விசாரிக்கத் தோன்றவே இல்லை. வேறு பெயர்களைச் சொல்பவர்களும் உண்டு என்றாலும், பெரும்பாலோர் காட்டுவது காஃப்மனைத்தான். வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா என்பார்கள். உலகப் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் ஜுபின் மேத்தாவின் அப்பா.

காஃப்மன் 1907இல் கார்ல்ஸ்பாத்தில் பிறந்த யூதர். அந்த ஊர் இப்போது செக் நாட்டில் கார்லோவி வாரி. பெர்லினில் இசை படித்தார். பிராகில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர், வழிகாட்டிப் பேராசிரியர் நாஜிப் பக்கம் என்று தெரிந்ததும் பட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். 1934இல் பம்பாய்க்கு வந்தார். ஏன் இந்தியா என்றால், விசா சுலபமாகக் கிடைத்தது. வந்த வருஷமே ஒரு சேம்பர் இசைச் சங்கத்தை, அதாவது நாலைந்து வாத்தியங்கள் மட்டும் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசைக்கான சங்கத்தைத் தொடங்கி வியாழக்கிழமைகளில் கச்சேரி நடத்தினார். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பு. அப்புறம் இங்கிலாந்து, கனடாவில் ஹாலிஃபாக்ஸ், வின்னிபெக் சிம்பொனி இசைக்குழுவை நடத்தும் வேலை, 1957இலிருந்து அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகம். 1984இல் அங்கேயே காலமானார். 1976இல் தென்னிந்திய ராகங்களைப் பற்றி ஒரு தடிமனான நூலையும் வெளியிட்டிருக்கிறார். கச்சேரி விமர்சனம் எழுதும் நம் உறுப்பினர்கள் இரண்டு பேருக்கும் இது செய்தியாக இருந்தது, எனக்கும்தான்.

முதல் கூட்டம் இந்தக் கதையோடு போயிற்று. இரண்டாவதில் சிக்கல். அவர் பம்பாயில் வாசித்தது எந்த மாதிரி இசை என்று காட்டலாமே என்று ஹைடன் என்ற ஐரோப்பிய இசையமைப்பாளரின் நால்வர் இசைத்தட்டு ஒன்றை வைத்தேன். நான்கே வாத்தியம்: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஐந்து நிமிஷம் ஆவதற்குள் பின்வரிசை எழுந்து டீக்கு நகர்ந்தது. "தாளமும் இல்லை, சுருதிப்பெட்டியும் இல்லை, எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். தட்டை நிறுத்திவிட்டு மீதிக் கதையைச் சொன்னேன். இந்திய இசைத்தட்டுகளை முதன்முதலில் கேட்டபோது காஃப்மனுக்கும் ஒன்றுமே பிடிபடவில்லை. ஆனால் அவர் யோசித்த விதம் வேறு. இதை உண்டாக்கியவர்களும் அறிவும் மனசும் உள்ளவர்கள்தானே, லட்சக்கணக்கானவர்கள் இதை ரசிக்கிறார்கள், அப்படியானால் குறை என்னிடம்தான், பிறந்த இடத்துக்கே போய்க் கேட்கவேண்டும் என்று முடிவு செய்தாராம். அவரே எழுதி வைத்திருக்கிறார். இதைச் சொன்னதும் இரண்டு பேர் டீ டம்ளரோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை.

மூன்றாவது கூட்டம் மார்கழியில், விடியற்காலை ஐந்தரைக்கு, என் வீட்டுத் திண்ணையில். வந்தது ஒன்பது பேர். ரேடியோ மெக்கானிக்காக இருந்த நம் மூத்த உறுப்பினர் தம்முடைய பழைய வால்வு செட்டை இரண்டு மாதம் உட்கார்ந்து சரிசெய்திருந்தார். கண்டென்சர்கள் எல்லாம் புதுசு. சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. டயல் விளக்கு மஞ்சளாக எரிந்தது, சூடேறிய தூசி வாசனை வந்தது, அப்புறம் மெல்ல ஒரு 'கம்ம்'. 936இல் முள்ளை நிறுத்தினார். ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் திருச்சி வானொலி அந்த சிக்னேச்சர் ட்யூனோடு வந்தது.

வயலின் வாத்தியார் ஒருவர் நம் உறுப்பினர். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மோகன ராகத்தில் காந்தார ஸ்வரத்தை மட்டும் ஒரு படி இறக்கு, சிவரஞ்சனி ராகம். அந்த ஒரு காந்தாரத்தில்தான் எல்லாம் இருக்கிறது" என்றார். வாயாலேயே பாடியும் காட்டினார். இரண்டாம் முறை அவர் பாடியபோது கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவன் கூடவே முணுமுணுத்தான். இதற்கு முன் வானொலியில் அதைக் கேட்டதே இல்லை என்றான். செல்போன் வீடியோவில்தான் கேட்டிருக்கிறானாம்.

மற்றபடி, உலக வானொலி நாளான பிப்ரவரி 13 அன்று பள்ளி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தினோம். பரிசுப் புத்தகங்கள் இன்னும் மூன்று பேருக்குப் போய்ச் சேரவில்லை, தவறு என்னுடையது. ஒலிபெருக்கி வாடகைக்கு எடுப்பதை விட்டு சொந்தமாக ஒன்று வாங்கலாமா என்பது செயற்குழுவில் நிலுவையில் இருக்கிறது. வால்வு செட் இப்போதைக்கு என் வீட்டில் இருக்கிறது. கேட்க விரும்புகிறவர்கள் ஐந்தரைக்குள் வரவேண்டும்.

பழைய பாட்டுப் போட்டி ஆவணியில் மீண்டும் தொடங்கும். புரட்டாசியில் அந்த ஹைடன் தட்டை முழுதாக வைப்பதாக உத்தேசம். இந்த முறை டீ, தட்டு முடிந்த பிறகுதான்.

இப்படிக்கு,
செயலாளர்