இரட்டைக் கம்பிச் சுருள் ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வாளையார்

காந்தப்புலம் எலிகளை என்ன செய்கிறது என்று சோதிக்க, எலிக் கூண்டுக்குக் காந்தப்புலச் சுருள் கேட்டிருக்கும் கோவை, பாலக்காடு, திருச்சூர் ஆய்வகத்தாருக்கு வணக்கம்.

விலைப்புள்ளி அனுப்பியதும் வரும் கேள்வி, "ஒற்றைக் கம்பியாகச் சுற்றினால் விலை குறையாதா?" என்பதுதான். குறையும். ஆனால் அதில் வரும் முடிவை நம்ப முடியாது.

சுருளில் மின்சாரம் ஓடினால் புலத்தோடு சூடும் அதிர்வும் சேர்ந்தே வரும். புலம் படாத ஒப்பீட்டு எலிகளை மின்சாரம் ஓடாத சுருளில் வைத்தால், தெரியும் வேறுபாடு புலத்தாலா சூட்டாலா என்று யாரால் சொல்ல முடியும்? 2002-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 50 ஹெர்ட்ஸ் வகைப் புலங்களை (வீட்டு மின்சாரம் உண்டாக்கும் புலம்) 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற பிரிவில், சேர்த்தபோதே, விலங்குச் சோதனைச் சான்று போதாது என்றது. அந்தக் குறையை இன்னும் கூட்டக் கூடாது.

அதனால் கூண்டின் இரு புறமும் நிற்கும் இரண்டு சுருளிலும், ஒவ்வொன்றிலும் 50 சுற்று, 50 சுற்றாக இரண்டு கம்பிகளை ஒட்டியே சுற்றுகிறோம். இரண்டு கம்பியிலும் மின்சாரம் ஒரே திசையில் ஓடினால் புலம் வரும். எதிரெதிரே ஓடினால் புலம் அடங்கிவிடும், சூடு மட்டும் அப்படியே இருக்கும். அதிர்வு முழுக்க ஒன்றாகாது என்பதால் வார்னிஷில் ஊற வைத்து இறுக்குகிறோம். திசை மாற்றும் சுவிட்சைப் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். தீனி போடுபவருக்கு அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியக் கூடாது.

மாதிரி அளவுகள்: ஆரம் 50 செ.மீ., இரு சுருளுக்கும் இடைவெளி அதே 50 செ.மீ., 18 கேஜ் எனாமல் செப்புக் கம்பி. 0.56 ஆம்பியரில் நடுவே 100 மைக்ரோடெஸ்லா புலம். மையத்திலிருந்து 15 செ.மீ. வரை மாறுபாடு 1 சதவீதத்துக்குள் இருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எதிர்த்திசையில் தூண்டல் குறைந்துவிடுவதால், வேரியாக்கை (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அதே வோல்ட்டில் விட்டால் மின்னோட்டம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், சூடு கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். ஆகவே சுவிட்சை மாற்றியதும் ஆம்பியர் மீட்டரைப் பார்த்து மறுபடி 0.56-க்குக் கொண்டு வாருங்கள்.

சுருளைத் தாங்கும் சட்டம் மரத்தில்தான், திருகு பித்தளையில்தான். அலுமினிய வளையம் மூடியிருந்தால் அதிலேயே மின்னோட்டம் தூண்டப்பட்டுப் புலத்தைத் தின்றுவிடும். கூண்டின் இரும்புக் கம்பி மூடியைக் கழற்றி, துளையிட்ட பாலிகார்பனேட் மூடி போடுங்கள். தண்ணீர்ப் புட்டியின் எஃகுக் குழாய்க்குப் பதில் கண்ணாடிக் குழாய். புலம் ஓடும் இரு சுருளின் நடுவிலிருந்து அச்சுத் திசையில் 2 மீட்டர் தள்ளியும் 2 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருக்கும். ஒப்பீட்டுக் கூண்டை அடுத்த அறையில் வைத்தாலும் காந்தப்புல மீட்டரால் அளந்த பிறகே வையுங்கள்.

கரண்ட் போனதும் வீட்டு இன்வெர்ட்டருக்கு மாறும்படி விடாதீர்கள். சதுர அலை வந்தால் அது வேறு புலம், வேறு சோதனை. அந்த நேரம் நிறுத்திவிட்டு, எத்தனை நிமிடம் என்று ஏட்டில் எழுதுங்கள்.

ஆர்டரோடு கூண்டின் நீள, அகல, உயரத்தையும் ஒரு கூண்டில் எத்தனை எலி என்பதையும் எழுதி அனுப்புங்கள். ஆரத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம்.

இப்படிக்கு,
சுருள் பட்டறை