தட்டியது எதை, கேட்டது எது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் பத்திரிகையின் ஞாயிறு கணினிப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான். களுவாஞ்சிகுடியில் பின்னேரங்களில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறேன், மிச்ச நேரத்தில் கடைக்காரர்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுக்கிறேன், அதனால் உங்கள் பக்கத்தில் எது வந்தாலும் பிள்ளைகள் பேப்பரை மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிடுவார்கள். நல்ல விசயம்தான். ஆனால் அண்மையில், இணையப் பக்கங்களை இயங்க வைக்கிற ஜாவாஸ்கிரிப்ட் மொழி பற்றி வந்த ஒரு குறுங்கட்டுரையால் நானும் என் மாணவன் ஒருவனும் இரண்டு கிழமை தலையைப் பிய்த்துக்கொண்டோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பக்கத்தில் எதைத் தட்டினார்கள் என்று அறிவது எப்படி என்பதுதான் கட்டுரை. ஈவென்ட், அதாவது தட்டல் போன்ற நிகழ்வு, வந்ததும் அதன் டார்கெட்டை, அதாவது இலக்கைப் பார்த்தால் போதும், 'திஸ்' ('இது') என்று எழுதினாலும் அதே பதில்தான் வரும் என்று முடித்திருந்தார்கள். அந்தக் கடைசி வரிதான் பிழை. சில நேரம் அதே பதில் வரும், சில நேரம் வராது, அதுதான் இன்னும் மோசம், எப்போதுமே வராமல் இருந்தால் பிள்ளை முதல் நாளே கண்டுபிடித்திருப்பான்.

நடந்தது இதுதான். அந்த மாணவனின் மாமா எருமைத்தயிர் வியாபாரம் செய்கிறார். தயிர் முட்டிக்கு ஓடர் வருவதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டிருந்தவருக்கு இவன் போனில் திறக்கிற மாதிரி ஒரு பக்கம் செய்து கொடுத்தான். ஒவ்வொரு ஓடருக்கும் ஒரு வரி, வரியின் முடிவில் ஒரு பட்டன், பட்டனுக்குள் சின்னதாக ஒரு 'சரி' அடையாளப் படம். கொடுத்தாயிற்று என்றால் அதைத் தட்டினால் வரி மறைய வேண்டும். லேப்டொப்பில் மவுஸ் வைத்துத் தட்டிப் பார்த்தபோது அழகாக வேலை செய்தது. மாமாவின் கைக்குப் போனதும் கதை மாறிவிட்டது. "மருமகன், இந்தப் பட்டன் ஒருக்கா வேல செய்யுது, ஒருக்கா செய்யுதில்ல" என்று அவர் சொல்ல, இவன் போன் பழசு என்றான், சிக்னல் இல்லை என்றான், கடைசியில் மாமாவின் விரலில் தயிர் ஈரம் என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

என்னிடம் வந்தபோது நான் செய்யச் சொன்னது ஒன்றுதான்: தட்டும் ஒவ்வொரு முறையும் டார்கெட் என்னவென்று கொன்சோலில், அதாவது உலாவியில் பிழை பார்க்கிற பகுதியில், அச்சிட்டுப் பார். பட்டனின் ஓரத்தில் தட்டினால் பட்டன் என்று வந்தது. நடுவில் தட்டினால் 'பாத்' என்று வந்தது. "சேர், நான் பாத் எண்டு ஒண்டும் எழுதல்லையே" என்றான். எழுதித்தான் இருக்கிறான், அவனுக்கே தெரியாமல். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய அந்த அடையாளப் படம் ஓர் எஸ்விஜி, அதாவது குறிமுறையாக எழுதி வரைகிற படம், அதற்குள் கோடு வரைகிற உறுப்பின் பெயர் பாத். மாமாவின் பெருவிரல் சரியாக அந்தக் கோட்டின் மேல் பட்டிருக்கிறது. டார்கெட் என்பது விரல் பட்ட இடத்தில் ஆக உள்ளே இருக்கிற உறுப்பு, நாம் மனதில் வைத்திருக்கிற பட்டன் அல்ல. எந்த ஓடர் என்று அறிய அவன் பட்டனுக்கு வைத்திருந்த அடையாளப் பெயர்தான் ஐடி. அந்தக் கோட்டுக்கு ஐடி ஏது? ஐடியைக் கேட்டால் வெறுமை வரும், வெறுமையை வைத்து எந்த ஓடரைத் தேடுவது?

இதை வகுப்பில் எப்படி விளங்கப்படுத்தினேன் என்றால், படுவான்கரையில் வயல் உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் பாதிப் பேர், அதனால் வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டைவிதானையைக் கதைக்குள் கூட்டி வந்தேன். ஒரு வயலில் மாடு இறங்கிவிட்டது. முதலில் வயற்காரன் காதில் விழும், பிறகு வட்டைவிதானையிடம் போகும், அவரோடும் முடியாவிட்டால் கமநல சேவை நிலையம் வரைக்கும் போகும். முறைப்பாடு மேலே மேலே போகப் போகக் கேட்கிற ஆள் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் மாடு இறங்கிய வயல் மாறாது. அந்த வயல்தான் டார்கெட். இப்போது யார் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாரோ அவர் கரண்ட்டார்கெட். சாதாரண பங்ஷனாக, அதாவது கூப்பிட்டால் ஓடுகிற கட்டளைத் தொகுதியாக, எழுதினால் திஸ் என்பதும் அந்தக் கேட்கிற ஆளைத்தான் காட்டும். மாடு வந்ததே வட்டைவிதானையின் சொந்த வயலுக்குள் என்றால் மட்டும் இரண்டும் ஒன்று. உங்கள் கட்டுரை அந்த ஒரு சந்தர்ப்பத்தை வைத்துக்கொண்டு எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் சட்டம் எழுதிவிட்டது.

கீழிருந்து மேலே போகிற இந்தப் பயணத்தை ஆங்கிலத்தில் பப்ளிங் என்பார்கள். கட்டுரையில் 'குமிழியாக்கம்' என்று போட்டிருந்தீர்கள், ஒரு பிள்ளை அது சவர்க்கார நுரையா என்று கேட்டது. மேலெழுதல் என்றாலே போதுமே. குமிழிதான் வேண்டுமென்றால் பாடும் மீனுக்குப் பேர்போன எங்கள் மட்டக்களப்பு வாவியிலிருந்தே உதாரணம் எடுத்திருக்கலாம். 1848இல், அப்போது இலங்கையின் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் தோணியில் போய்க் கேட்டதிலிருந்து, நிலவில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பை நீருக்குள் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கிற இந்தக் காலம் வரை, பாடுவது மீனா, ஓட்டு நத்தையான ஊரியா என்ற வாக்குவாதம் ஓயவில்லை. கேட்கிற ஆள் ஆரென்று தெரியும், பாடுகிறது எதென்று தெரியாது. கரண்ட்டார்கெட் மட்டும் கையில் இருந்து டார்கெட் இல்லாத நிலைமை அதுதான்.

கட்டுரையில் இன்னொன்றும் கண்ணை உறுத்தியது. டார்கெட் இல்லாவிட்டால் 'எஸ்ஆர்சி எலிமென்ட்டை' எடு, ஈவென்ட் கிடைக்காவிட்டால் விண்டோவிலிருந்து, அதாவது உலாவிச் சாளரத்திலிருந்து, எடு என்று இரண்டு வரி. இது எந்தக் காலத்துக் கதை? ஜாவாஸ்கிரிப்ட்டை பிரெண்டன் ஐக் 1995இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கினார். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் நெட்ஸ்கேப் ஈவென்டை மேலிருந்து கீழே அனுப்பியது, மாவட்டக் கச்சேரியிலிருந்து சுற்றறிக்கை வருவது போல. மைக்ரோசொப்ட்டின் எக்ஸ்புளோரர் உலாவியோ கீழிருந்து மேலே அனுப்பியது, முறைப்பாடு போவது போல. பெயர்களும் வேறு, எக்ஸ்புளோரரில் டார்கெட் கிடையாது, எஸ்ஆர்சி எலிமென்ட்தான். 2000ஆம் ஆண்டு நவம்பரில் இணையத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட டொம் (பக்கத்தின் உறுப்புகளைக் குறிமுறை அணுகுகிற முறை) இரண்டாம் நிலை ஈவென்ட் விதிகள் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தி, முதலில் மேலிருந்து கீழே வரட்டும், இலக்கைத் தொடட்டும், பிறகு கீழிருந்து மேலே போகட்டும் என்று தீர்த்தன. எக்ஸ்புளோரர் அதற்குள் முழுசாக வந்து சேர 2011இல் வந்த ஒன்பதாம் பதிப்பு வரை எடுத்தது. 2022 ஜூனில் அந்த உலாவியின் ஆதரவையே பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்குப் படிக்கத் தொடங்குகிற பிள்ளைக்கு அந்த இரண்டு வரியும் எதற்கு? பழைய வீட்டில் இருந்த ஓட்டையை அடைத்த தகரத்தைப் புதிய வீட்டுக் கூரையிலும் அடித்து வைக்கிற வேலை.

சரி, குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பாவம். மாணவனின் பக்கத்தை எப்படித் திருத்தினோம் என்றும் சொல்கிறேன், வேண்டுமானால் உங்கள் பக்கத்தில் போடலாம்.

முதலில் அவன் ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாக ஈவென்ட் கட்டத்தான் பார்த்திருக்கிறான், புதிதாக வந்த ஓடருக்குப் பட்டன் ஊமையாக இருந்ததால் அதை விட்டுவிட்டு முழு அட்டவணைக்கும் ஒரேயொரு 'கேட்பான்', அதாவது கிளிக் வருகிறதா என்று காத்திருக்கிற குறிமுறை, வைத்திருந்தான். அது சரியான வழிதான், நாற்பது வயலுக்கும் நாற்பது காவல்காரன் வைக்காமல் ஒரு வட்டைவிதானை. பிழை அடுத்த அடியில். டார்கெட் எதுவோ அதன் ஐடியை நேரே கேட்கக் கூடாது. டார்கெட்டிலிருந்து தொடங்கி மேலே ஏறி, முதலில் எதிர்ப்படுகிற பட்டனைப் பிடிக்க வேண்டும். அதற்கு 'குளோசஸ்ட்' என்று ஒரு வசதி ஒவ்வொரு உறுப்புக்கும் இருக்கிறது, எதைத் தேடுகிறோம் என்று சொன்னால் தன்னிலிருந்து ஆரம்பித்துப் பெற்றோர், பாட்டன் என்று ஏறிப் பார்த்துக் கொண்டுவந்து தரும். தட்டியது வெற்றிடத்தில் என்றால் பட்டனே அகப்படாது, 'நல்', அதாவது ஒன்றுமில்லை என்று வரும், அப்போது பேசாமல் திரும்பிவிட வேண்டும். இந்தச் சோதனையைப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள், பிறகு கொன்சோல் முழுக்கச் சிவப்பு. பட்டன் அகப்பட்டதும் எந்த ஓடர் என்பதை அதில் டேட்டா என்று தொடங்குகிற பண்பாக எழுதி வைத்திருந்தால் டேட்டாசெட் வழியாக எடுக்கலாம், ஐடி என்று ஒன்றே தேவையில்லை. மூன்று வரி மாறியது. மாமா இப்போது எந்த விரலால் எங்கே தட்டினாலும் வரி மறைகிறது.

குறுக்கு வழியும் உண்டு, அடையாளப் படத்துக்கு, பக்கத்தின் தோற்றத்தை எழுதுகிற சிஎஸ்எஸ்ஸில் 'பொயிண்டர் ஈவென்ட்ஸ் நன்' என்று கொடுத்தால் விரல் அதை ஊடுருவிப் பட்டனிலேயே படும். அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன். ஆனால் நாளைக்கு யாரோ பட்டனுக்குள் இன்னொரு எழுத்துத் துண்டைப் போடுவார்கள், திரும்பவும் பழைய வருத்தம்.

திஸ் பற்றித் தனியாக ஒரு சொல் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் கட்டுரை அதைத்தான் வேதமாக்கியிருந்தது. 2015இல் வந்த அம்புக்குறிப் பங்ஷனுக்குத் தனக்கென்று திஸ் கிடையாது, வெளியே என்ன இருந்ததோ அதையே எடுத்துக்கொள்ளும், அதனால் அதற்குள் திஸ் என்று எழுதிவிட்டு உறுப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பக்கத்தின் குறிச்சொல்லிலேயே ஒன்கிளிக் என்று எழுதி ஒரு பங்ஷனைக் கூப்பிடுகிற பழைய முறையிலும் இதே மோசம்: அந்தப் பண்புக்குள் இருக்கும்வரை திஸ் பட்டனைக் காட்டும், கூப்பிடப்பட்ட பங்ஷனுக்குள் போனதும் விண்டோவைக் காட்டும். அடைப்புக்குள் திஸ்ஸைக் கையில் கொடுத்து அனுப்பினால்தான் தப்பலாம். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, இந்த வேலைக்குத் திஸ்ஸை மறந்துவிடுங்கள், கரண்ட்டார்கெட் என்று முழுப் பெயரையே எழுதுங்கள்.

அதிலும் ஒரு குழி இருக்கிறது, என் மற்ற மாணவி ஒருத்தி விழுந்தாள். தட்டியதும் சேர்வருக்குத் தகவல் அனுப்பி, பதில் வந்த பிறகு கரண்ட்டார்கெட்டின் நிறத்தை மாற்றப் போனால் அது நல் என்று நிற்கிறது. அதுவும் நியாயம்தான். முறைப்பாடு எல்லா வாசலையும் ஏறி முடிந்துவிட்டது, இப்போது கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் என்று ஒருவருமே இல்லை. காத்திருக்கப் போகிறோம் என்றால் அதற்கு முன்னமே ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மிச்சமுள்ளவற்றை வேகமாகச் சொல்கிறேன், இடம் இல்லையென்று வெட்டிவிடாதீர்கள். போர்ம் ஒன்றை அனுப்பும்போது வருகிற சப்மிட் ஈவென்டின் டார்கெட் போர்ம்தான், எந்தப் பட்டன் அனுப்பியது என்று அறிய சப்மிட்டர் என்று வேறாக இருக்கிறது. பெட்டிக்குப் பெயர் சொல்கிற லேபலைத் தட்டினால் உலாவி தானாகவே அதற்குரிய பெட்டியையும் ஒருமுறை தட்டும், வெளியே கேட்பானை வைத்திருந்தால் இரண்டு கிளிக் வந்தது போலத் தோன்றும், பயப்பட வேண்டாம், டார்கெட்டைப் பார்த்தால் ஒன்று லேபல், மற்றது பெட்டி. ஒரு பெட்டிக்குக் கவனம் வருவதைச் சொல்கிற போக்கஸும், விலகுவதைச் சொல்கிற பிளரும் மேலெழாது, வட்டைவிதானை எவ்வளவு காத்திருந்தாலும் அவர் காதுக்கு வராது, அவற்றுக்குப் பதில் போக்கஸின், போக்கஸவுட் என்ற இரண்டைக் கேட்க வேண்டும். தட்டியது மனிதனா, குறிமுறையா என்று சந்தேகம் வந்தால் இஸ்டிரஸ்டட் என்பதைப் பார்க்கலாம்.

ஆசிரியருக்கு நான் கேட்பது பெரிய விசயம் ஒன்றுமில்லை. திருத்தத்தை முதல் பக்கத்தில் கட்டம் போட்டு அச்சிடச் சொல்லவில்லை. அதே கணினிப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், டார்கெட்டும் திஸ்ஸும் ஒன்றல்ல என்று நாலு வரி போட்டால் போதும். தயிர்க்கடைக்காரரின் மருமகன் அந்தக் கட்டுரையை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறான், திருத்தம் வந்தால் அதற்கு மேலேயே ஒட்டிவிடலாம்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.