கர்ப்பிணியும் தேநீரும்: கேள்வி முழுமையாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் மருத்துவப் பகுதியில், "கர்ப்பிணிகள் தேநீர் குடிக்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். "அளவோடு குடிக்கலாம்" என்று பதில் வந்திருந்தது. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவ மாதாக வேலை செய்யும் எனக்கு, அந்தப் பதிலை வைத்துக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்திலும் எதுவும் சொல்ல முடியவில்லை. வைத்தியரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்ட கேள்விக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கொழுந்தெடுக்கும் கர்ப்பிணிக்கு வெறும் வயிற்றில் இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டுகிறது. அதனால் தேநீர் நேரத்தில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, ரொட்டியைப் பிய்த்துத் தின்று, சாயத்தண்ணீரோடு அதை விழுங்குகிறாள். தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் என்ற சேர்மங்கள் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது குறைந்துவிடுகிறது. மாத்திரை அட்டை காலி. இரத்தத்தின் ஹீமோகுளோபின் மட்டும், கர்ப்பிணிக்குக் குறைந்தது இருக்க வேண்டிய 11-ஐ எட்டவில்லை. "மாத்திரையை எறிந்துவிட்டுப் பொய் சொல்கிறாய்" என்று அவளை ஏசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு வயிறு எரிந்தது.

அவளுக்காக இப்படிக் கேட்க வேண்டும்: இரத்தச்சோகையுள்ள கர்ப்பிணி, மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல், இரவில் தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கினால், பிரசவத்துக்கு முன் ஹீமோகுளோபின் கூடுதலாக ஏறுமா? யாருக்கு, என்ன செய்வது, எதற்குப் பதிலாக, என்ன பலனுக்கு என்ற நான்கும் இதில் வந்துவிடுகின்றன. ஆதாரம் சார்ந்த மருத்துவத்தில் கேள்வியை அமைக்கும் முறை இதுதான். இப்படிக் கேட்டால்தான் ஆய்வுகளில் தேட முடியும். "இரத்தச்சோகை என்றால் என்ன?" போன்ற பொதுக் கேள்விக்கு ஆய்வைத் தேட வேண்டியதில்லை, பாடப்புத்தகமே போதும்.

"யாருக்கு" என்பதை விட்டால் ஆபத்து. தினசரி மாத்திரை ஒத்துக்கொள்ளாத கர்ப்பிணிக்கு வாரம் ஒருமுறை 120 மில்லிகிராம் இரும்பு கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. ஆனால், கர்ப்பிணிகளிடையே இரத்தச்சோகை 20 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள இடங்களுக்கே அது பொருந்தும். பின்பாதியைக் கேளாத ஒரு பெண், "வாரத்துக்கு ஒன்று போதுமாம்" என்று என்னிடமே சொன்னாள்.

பலன் எது என்பதையும் பெண்களிடமே கேட்க வேண்டும். எங்களுக்கு அது பதிவேட்டில் எழுதும் ஓர் எண். அவளுக்கோ ஏற்றத்தில் தலை சுற்றாமல் நிற்க வேண்டும்.

ஆகவே, வாசகர் கேள்விகளுக்காக நீங்கள் அச்சிடும் கட்டத்தில் வயது, எத்தனையாவது மாதம், இப்போது செய்வது, மாற்றிச் செய்ய நினைப்பது, எதிர்பார்க்கும் பலன் ஆகியவற்றுக்கும் இடம் விடுங்கள். எழுதத் தெரியாத பெண்களுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம்.

மருத்துவ மாது ஒருவர்,
பொகவந்தலாவை.