வி.ஏ.ஓ. ஆவதற்கு எதற்கு டிகிரி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியல் அறிவியல் எடுக்கும் பிள்ளைகள் ஒன்று கலெக்டர் கனவில் மூன்று வருடத்தைக் கரைக்கிறார்கள், இல்லையென்றால் கட்சிக் கொடி கட்டப் போய்விடுகிறார்கள் என்று சென்ற வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். நான் அந்தப் பாடத்தில்தான் மூன்றாம் ஆண்டு. கோவையில் ஹாஸ்டல், வீடு பந்தலூர்ப் பக்கம் டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் லைனில். இதுவரை கொடி கட்டியதில்லை. கலெக்டர் கனவும் கிடையாது. நான் வி.ஏ.ஓ., அதாவது கிராம நிர்வாக அலுவலர் ஆகவேண்டும்.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். குரூப் 4 எழுதப் பத்தாம் வகுப்பே போதுமே, அதற்கு எதற்கு டிகிரி என்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலை எங்கள் அப்பாயியிடமிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும்.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் நடத்தினார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போன இலங்கைத் தோட்டத் தமிழர்களை 1964 அக்டோபரில் இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்துக்கொண்ட கதை. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். பத்து நிமிடத்தில் பாடம் முடிந்தது. ஐந்து மார்க் கேள்வியாக வரும் என்று பக்கத்துத் தோழி அடிக்கோடு போட்டாள். நான் அந்த 5,25,000 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று எங்கள் அப்பாயி. தலைமன்னாரில் கப்பலேறும்போது இடுப்பில் இருந்த ஒரு வயதுப் பிள்ளை என் அப்பா.

மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை இன்னும் எங்கள் வீட்டில் பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. மடிப்பெல்லாம் விட்டுப்போய், போட்டோவில் தாத்தாவின் முகம் பாதி அழிந்திருக்கும். டான்டீயை 1968ல் தொடங்கியதே இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். (அந்த நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பதாக 2022ல் முடிவெடுத்தார்கள். ரிட்டயர் ஆனவர்கள் லைன் வீட்டை விட்டு எங்கே போவது என்பது தனிக் கடிதத்துக்கான விஷயம்.)

நான் பிளஸ் டூ முடித்ததும் சாதிச் சான்று தேவைப்பட்டது. அப்பாவிடம் சான்று இல்லை. இலை பறிக்கவும் மூட்டை தூக்கவும் அதை யார் கேட்டார்கள்? இ-சேவையில் இரண்டு முறை பதிந்தோம், இரண்டு முறையும் தள்ளுபடி. நேரில் போனால், பூர்வீகம் எந்த ஊர் என்பதற்கு ஆதாரம் கொண்டுவா என்றார் அப்போதிருந்த வி.ஏ.ஓ. குடும்ப அட்டையை நீட்டினோம். இது செல்லாது, நாளைக்கு வா. இப்படியே மூன்று நாள். அப்பாவுக்கு மூன்று பேர் போயிற்று. பேர் என்றால் எங்கள் லைனில் ஒரு நாள் சம்பளம்.

அப்புறம் அந்த இடத்துக்கு வேறொரு வி.ஏ.ஓ. வந்தார். அவர் அந்த அட்டையை மேசைமேல் விரித்து, கிழிந்துவிடாமல் இரண்டு ஓரத்திலும் விரலால் அழுத்திக்கொண்டு, வரிவரியாகப் படித்தார். பிறகு அப்பாயியைப் பார்த்து, "பாட்டி, உங்க குலசாமி எது?" என்று கேட்டார். அப்பாயி துறையூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரையும் கோயில் பெயரையும் சொன்னார். அந்த ஊர் வி.ஏ.ஓ.வின் நம்பரை இவரே தேடிப் பிடித்துப் பேசினார். எங்கள் பங்காளிகள் இன்னும் அங்கே இருப்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. விசாரணை அறிக்கையை எழுதி மேலே அனுப்பினார். சான்று வந்தது. ஒரு பைசா வாங்கவில்லை. டீகூட வேண்டாம் என்றுவிட்டார்.

அதே சட்டம், அதே அட்டை. மாறியது நாற்காலியில் இருந்த ஆள் மட்டும்தான். கொள்கையைத் தலைநகரில் எழுதினாலும் அது கடைசியில் என்னவாகிறது என்பதை ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்தான் தீர்மானிக்கிறார் என்று எங்கள் பொது நிர்வாகப் பாடத்திலும் வருகிறது. நான் அதைப் படிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.

சரி, நல்ல மனசு இருந்தால் போதாதா, டிகிரி எதற்கு? எங்கள் வட்டத்தில் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடும்பங்கள் நிறைய. அவர்களிடம் எங்களுக்கு இருந்த அட்டைகூடக் கிடையாது. ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்துக்கு 2008ல் வந்த விதிகளில், காட்டு நிலத்துக்கு உரிமை கோருபவரைத் தவிர்த்த பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம்தான் என்று தெளிவாக இருக்கிறது. ஊர்க் கிழவியின் வாய்ச்சொல்லைச் சட்டமே ஆதாரமாக ஏற்கிறது! வகுப்பில் அதைப் படித்தபோது எனக்கு அந்த வி.ஏ.ஓ.வின் கேள்விதான் நினைவுக்கு வந்தது. விதி தெரியாத நல்லவர் பரிதாபப்பட்டு உச்சுக்கொட்டுவார், அவ்வளவுதான். விதி தெரிந்தவரால் அதையே காட்டி மேலே எழுதமுடியும். என் மூன்று வருடப் படிப்பு அதற்குத்தான்.

வி.ஏ.ஓ. பதவிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். வருகிற தை மாதம் எனக்கு ஆகிவிடும். குரூப் 4ல் 200 கேள்வி, அதில் பாதி தமிழ், பயமில்லை. கணக்குதான் உதைக்கிறது. கவுன்சலிங்கில் நீலகிரி கிடைக்காமல் வேறு மாவட்டத்துக்குப் போகவேண்டியும் வரலாம். பிறகு குரூப் 2 எழுதுவேனா என்றால், எழுதலாம், இப்போதைக்கு யோசிக்கவில்லை. அப்பாவுக்கு நான் பி.எட். படித்து டீச்சராக வேண்டும். அந்தப் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது.

போன லீவில் அப்பாயியிடம் விஷயத்தைச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: "ஏன்டி, அந்தச் சேர்ல உக்காந்தா நீயும் நாளைக்கு வான்னு சொல்லமாட்டியே?"

மாட்டேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இப்படிக்கு,
அரசியல் அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவி,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.